பழைய டஸ்டர் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

"2019 மாடல் சார், செகண்ட் ஜெனரேஷன்" என்று சொல்லித்தான் அந்த ரெனால்ட் டஸ்டர் காரை என் நண்பருக்குக் காட்டினார்கள். துணைக்கு நானும் போயிருந்தேன். டீசல் வண்டி. புது கிரில், புது முகப்பு விளக்கு, பார்க்க அம்சமாக இருந்தது. ஆனால் இரண்டாம் தலைமுறை டஸ்டர் இந்தியாவில் விற்பனைக்கே வரவில்லை. பழைய டஸ்டர் வாங்கப் போகிறவர்கள் சறுக்கும் முதல் இடம் இதுதான்.

டஸ்டர் முதலில் 2010இல் ஐரோப்பாவில் ருமேனியாவின் டேசியா கார் நிறுவனத்தின் பெயரில் வந்தது. 2012 ஜூலையில் ரெனால்ட் பெயரில் இங்கே அறிமுகமானது. சென்னையை அடுத்த ஒரகடத்தில்தான் தயாரானது. 2017இல் ஐரோப்பாவில் இரண்டாம் தலைமுறை வந்தது. உடம்பு முழுக்கப் புதிது, அடித்தளம் மட்டும் பழையதைச் சீர்செய்தது. 2023 கடைசியில் காட்டப்பட்ட மூன்றாம் தலைமுறைக்குத்தான் அடித்தளமே மாறியது. இந்தியாவிலோ 2012 முதல் 2022 வரை ஓடியது ஒரே தலைமுறை. 2016லும் 2019லும் நடந்தது முகமாற்றம் மட்டுமே.

2019 வண்டியின் முகம் ஐரோப்பிய வண்டியை நினைவூட்டுவதால் குழப்பம் வருகிறது. சந்தேகம் வந்தால் பின்பக்கம் போய்ப் பாருங்கள். ஐரோப்பிய இரண்டாம் தலைமுறைக்குச் சதுரமான பின்விளக்கு, உள்ளே நாலு கட்டம். நம்மூர் வண்டிக்கு நெட்டையான பழைய விளக்குதான். கதவு, கூரை எல்லாமே 2012 வண்டியின் அச்சு. அது குறையில்லை, பாகங்கள் கிடைப்பதற்கு நல்லதும்கூட. ஆனால் 'அடுத்த தலைமுறை' என்று சொல்லிக் கூடுதல் விலை கேட்டால் கொடுக்காதீர்கள்.

அடுத்த தவறு, 'டீசல் டஸ்டர்' என்று பொத்தாம்பொதுவாகத் தேடுவது. 1.5 லிட்டர் டீசலிலேயே 85, 110 குதிரைத்திறன் என்று இரண்டு உண்டு. கொள்ளளவு ஒன்றுதான், சுபாவம் வேறு. 110இல் எஞ்சின் நிமிடத்துக்குச் சுமார் 2,000 சுற்றுக்குக் கீழே ஓடினால் வண்டி கொஞ்சம் சோம்பும், அதற்கு மேல் பாய்ந்து போகும். ஆறு கியர், நெடுஞ்சாலைக்கு அருமை. 85 ஐந்து கியர் வண்டி; டவுன் நெரிசலில் அதுதான் சுகம். தினமும் அலுவலகம் போய்வரவே வண்டி வேண்டும் என்பவர், எண் பெரிது என்பதற்காக 110ஐ எடுத்துவிட்டு, சிக்னலுக்குச் சிக்னல் கிளட்சோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்திருக்கிறேன். 2020இல் பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்ததும் டீசலே நின்றுபோனது. அதற்குப் பிந்தைய டஸ்டர் எல்லாம் பெட்ரோல்தான்.

இனி சொல்லப்போவதைத் தயவுசெய்து கவனமாகப் படியுங்கள், பணம் போவது இங்கேதான். இந்த டீசல் எஞ்சினில் வால்வையும் பிஸ்டனையும் ஒரே தாளத்தில் ஓட வைப்பது டைமிங் செயின் கிடையாது, பெல்ட். உட்பக்கம் பல் வைத்த ரப்பர் பட்டை. மூடிக்குள் ஒளிந்திருப்பதால் பானட்டைத் திறந்து பார்த்தாலும் கண்ணில் படாது. ஓடும்போது அது அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும்; எஞ்சினைப் பிரித்து வேலை பார்க்க வேண்டிவரும். கிலோமீட்டர் கணக்கு, வருடக் கணக்கு இரண்டில் எது முந்துகிறதோ அப்போது மாற்றிவிட வேண்டும். "வண்டி அதிகம் ஓடவே இல்லையே" என்று பலர் விட்டுவிடுகிறார்கள். ஓடாமல் நின்றாலும் ரப்பருக்கு வயதாகும். வாட்டர் பம்பும் அதே பெல்ட்டில்தான் சுற்றுகிறது. பம்பையும், பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரையும் சேர்த்தே மாற்றுங்கள், இல்லையென்றால் பம்ப் கசியும்போது அதே வேலைக்கு மறுபடி கூலி கொடுக்க வேண்டும். "மாத்தியாச்சு" என்று வாயால் சொன்னால் போதாது. தேதியும் கிலோமீட்டரும் போட்ட பில் கேளுங்கள். பில் இல்லை என்றால் மாற்றவில்லை என்றே கணக்கு.

நாலு சக்கர இயக்கம் 2014இல் வந்தது, டீசல் 110இல் மட்டும். 'ஏடபிள்யூடி' ஸ்டிக்கரை யார் வேண்டுமானாலும் ஒட்டலாம். குனிந்து பின்சக்கரங்களுக்கு நடுவே பாருங்கள். டிஃபரன்ஷியல் என்ற கியர் பெட்டியும் முன்னிருந்து வரும் ஷாஃப்ட்டும் இருந்தால் உண்மை. குறுக்கே வெறும் இரும்பு பீம்தான் என்றால் முன்சக்கர வண்டி. உங்களுக்கு மலைத்தோட்டமோ சேற்றுப்பாதையோ இல்லையென்றால் அதற்காக அலைய வேண்டாம் என்பேன். மேடுபள்ளச் சாலைக்குச் சாதாரண டஸ்டரின் அடிப்பாகம் தரையிலிருந்து நிற்கும் 205 மி.மீ. உயரமும் சஸ்பென்ஷனுமே தாராளம்.

கனமான வண்டி, அதனால் பாதுகாப்பானது என்று நினைப்பதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு. 2017இல் குளோபல் என்கேப் அமைப்பின் மோதல் சோதனையில் ஏர்பேக் இல்லாத டஸ்டர் பெரியவர்கள் பாதுகாப்பில் ஒரு நட்சத்திரம்கூட வாங்கவில்லை. ஓட்டுநர் ஏர்பேக் வைத்த வண்டி ஐந்துக்கு மூன்று வாங்கியது. ஓட்டுநர் ஏர்பேக் இந்தியாவில் கட்டாயமானது 2019 ஜூலையில்தான். ஆகவே அதற்கு முந்தைய அடிமட்ட வேரியன்ட் மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள். ஏர்பேக் உள்ள வண்டியிலும் சாவியைத் திருப்பியதும் மீட்டரில் அதன் விளக்கு எரிந்து, சில நொடியில் அணைகிறதா என்று பாருங்கள். எரியவே இல்லை என்றால் யாரோ கைவைத்திருக்கலாம்.

ஆர்சியில் முதல் பதிவுத் தேதியையும் பார்த்துவிடுங்கள். 15 ஆண்டு முடிந்தால் ஆர்டிஓவில் வண்டியைக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். 2012 வண்டிக்கு அது 2027.

நண்பர் பார்த்த வண்டியில் ஏர்பேக் விளக்கு ஒழுங்காக எரிந்து அணைந்தது. பெல்ட் மாற்றிய பில் மட்டும் இல்லை. பெல்ட், பம்ப், கூலி எல்லாவற்றையும் கணக்குப் போட்டுக் கழித்துத்தான் விலை பேசினோம். வண்டி நேராக மெக்கானிக்கிடம் போனது.