மனச்சோர்வின் வேரைத் தேடும் முறை: மருத்துவரிடம் போகுமுன் குடும்பத்தார் செய்ய வேண்டியவை

மன்னார்குடிப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து வந்த ஓர் அம்மாவுக்கு, தூக்கம் கெட்டு முகம் வாடியிருந்ததைக் கண்டு, மனச்சோர்வுக்கான மாத்திரையை நான்கு மாதங்கள் எழுதிக் கொடுத்தேன். அடுத்த முறை வந்தபோது, ஒரு செருப்பு வழியிலேயே கழன்றுவிட்டதை உணராமல் மற்றதோடு மட்டும் உள்ளே வந்து அமர்ந்தார். பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார், சைவ உணவுக்காரர் என்பவற்றை அன்றுதான் கேட்டேன். பரிசோதனையில் பி12 வைட்டமின் மிகக் குறைவாக இருந்தது. மெட்ஃபார்மினை நெடுநாள் உட்கொள்வோருக்கு அந்த வைட்டமின் குறையக்கூடும் என்பதும், குறைந்தால் கால் மரத்துப்போவதோடு மனமும் நினைவும் தளரலாம் என்பதும் நான் படித்தவைதாம். கேட்காமல் விட்டது என் பிழை. கடைமடைக்குத் தண்ணீர் வராவிட்டால் வாய்க்காலோடு மேலேறித்தானே அடைப்பைப் பார்க்கிறோம்? அன்று முதல் நோயாளிகளையும் அப்படியே பார்க்கத் தொடங்கினேன்.

தேடத் தொடங்குமுன் ஓர் எச்சரிக்கை. சாவதைப் பற்றிப் பேசுபவரை வைத்துக்கொண்டு வேரைத் தேடிக்கொண்டிருக்கக் கூடாது. அவரைத் தனியே விடாமல், வீட்டிலுள்ள பூச்சிமருந்தை அப்புறப்படுத்திவிட்டு, 14416 என்னும் டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணையோ, 104 என்னும் மருத்துவ உதவி எண்ணையோ அழைத்து, உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

மற்றவர்களுக்கு, முதல் வேலை ஒரு தாளில் காலவரிசை எழுதுவது. நம் பகுதியில் தேதி கேட்டால் பெரும்பாலோர் தடுமாறுவார்கள். ஆனால் மேட்டூர் திறந்த சமயமா, சம்பா நடவுக்கு முன்பா, தை அறுவடைக்குப் பின்பா என்று கேட்டால் சரியாகச் சொல்லிவிடுவார்கள். 2018 நவம்பர் 16 அன்று வீசிய கஜா புயலுக்குப் பிறகுதான் அப்பா பேச்சைக் குறைத்தார் என்று ஒரு மகன் எழுதி வந்தால், சாய்ந்துபோன தென்னந்தோப்பையும் அதன்மேல் வாங்கிய கடனையும் பற்றி நான் பேச்சைத் தொடங்க முடிகிறது. நகைக்கடன், பாகப்பிரிவினை, பிரசவம், வெளிநாடு போன மகன் என எதையும் சிறிதென்று விட்டுவிடாமல், தூக்கம் கெட்டது முன்பா பின்பா என்பதையும் அருகில் குறிக்க வேண்டும்.

அடுத்து, வீட்டிலுள்ள எல்லா மருந்துகளையும், நாட்டு மருந்துப் பொடி உட்பட, ஒரு மஞ்சப்பையில் போட்டுக் கொண்டுவர வேண்டும். சீட்டை மட்டும் கொண்டுவருவது போதாது; எழுதியது ஒன்று, சாப்பிடுவது வேறு. ஸ்டீராய்டு மருந்துகள் சிலருக்கு மனநிலையைப் புரட்டிப்போடுவதுண்டு. மதுப் பழக்கத்தைக் குற்றம் சாட்டும் குரலில் கேட்டால் உண்மை வராது. எவ்வளவு, எத்தனை நாள் என்று மட்டும் கேட்க வேண்டும். குறட்டை விட்டு இடையில் மூச்சு நின்றுபோகிறதா என்பதை உடன் உறங்குபவர்தாம் சொல்ல முடியும்.

ஹீமோகுளோபின், தைராய்டுக்கான டி.எஸ்.எச்., சர்க்கரை, தேவையெனில் பி12 ஆகிய பரிசோதனைகள் பெரும்பாலும் தொடக்கத்துக்குப் போதும். வேரைக் காட்டுகிறோம் என்று முடியையும் நகத்தையும் வாங்கி நீண்ட பட்டியலுக்குப் பணம் பறிப்பவர்களிடம் எனக்கு நம்பிக்கையில்லை.

வேர் ஒன்றுதான் இருக்கும் என்றும் எண்ண வேண்டாம். தைராய்டு சரியான பிறகும் துக்கம் மிஞ்சலாம். சிலருக்குக் காரணம் எதுவும் அகப்படாமலே மருந்து வேலை செய்யும். ஆகவே, பி12 குறைவு தெரிந்துவிட்டதென்று மனநல மாத்திரையைத் தாமாக நிறுத்துவது ஆபத்து. மனநோய் தீர வேண்டிக் குணசீலம் பெருமாள் கோயிலில் ஒரு மண்டலம் (48 நாள்) தங்கியிருக்க விரும்புபவர்களை நான் தடுப்பதில்லை. மாத்திரையையும் உடன் கொண்டுபோகச் சொல்கிறேன்.

மறுமுறை வரும்வரை, பால் கணக்குக் குறிக்கும் மாத நாட்காட்டியிலேயே, அன்றன்று தூங்கிய மணிநேரத்தையும் விட்டுப்போன மாத்திரையையும் குறித்து வாருங்கள். அந்த அம்மாவின் மருமகள் அப்படித்தான் குறித்து வந்தார். பி12 ஊசி போடத் தொடங்கிய இரண்டாம் மாதத்தில் மூன்று, நான்கு என்றிருந்த கட்டங்களில் ஆறு வரத் தொடங்கியிருந்தது.