சொந்த மெஷின் இல்லாமல் பக்கத்து நாட்டுக்கு விற்பது: கிழக்கு ஆப்பிரிக்கச் சிறுதொழில்களுக்குக் கைகொடுக்க நினைப்பவர்களுக்கு

ஆப்பிரிக்காவில் சிறுதொழிலுக்கு உதவப் போகிறேன் என்று கிளம்புகிறவர்களில் பலர் முதலில் செய்வது ஒரு மெஷின் வாங்கிக் கொடுப்பதுதான். ரிப்பன் வெட்டி போட்டோவும் எடுத்துவிட்டுப் போவார்கள். கொஞ்ச நாள் கழித்துப் போய்ப் பார்த்தால் அது ஒரு மூலையில் சாக்குப் போர்த்திக் கிடக்கும், ஏனென்றால் செய்த பொருளை யார் வாங்கப் போகிறார்கள் என்று யாருமே கேட்டிருக்க மாட்டார்கள். நான் சொல்லும் வரிசை வேறு. முதலில் வாங்குகிற ஆள், அப்புறம் தர முத்திரை, அப்புறம் வேறு யாருடைய ஆலையிலாவது சும்மா கிடக்கும் மெஷின் நேரம், அதற்குப் பிறகும் தேவைப்பட்டால் சொந்த மெஷின்.

பொதுவாகப் பேசினால் ஒன்றும் பிடிபடாது, ஒரு பொருளை எடுத்துக்கொள்வோம். கிழக்கு உகாண்டாவில் சொரோட்டி, செரேரே பக்கம் நிலக்கடலை நன்றாக விளையும். செரேரேயில் இருக்கும் அரசு ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட செரேநட் ரகங்களுக்கு அந்த ஊர்ப் பெயர்தான் வந்திருக்கிறது. கடலையை வறுத்து அரைத்து டப்பாவில் விற்கும் பெண்கள் அங்கே நிறையப் பேர். எல்லைக்கு அந்தப் பக்கம் கென்யாவில் கிசுமு, எல்டோரெட், நைரோபி என்று பெரிய சந்தை. நடுவில் புசியா. எல்லைக்கு இரண்டு பக்கமும் ஒரே பெயரில் ஊர், 2018 பிப்ரவரியில் திறந்த கூட்டுச் சோதனைச்சாவடியில் இரண்டு நாட்டு அதிகாரிகளும் ஒரே இடத்தில் உட்கார்ந்து முத்திரை போடுகிறார்கள். உகாண்டாவிலிருந்து போகிற சரக்கு கென்யா பக்கத்தில் ஒரு தடவை நின்றால் போதும்.

சரி, வாங்குகிற ஆள். எடுத்ததுமே நைரோபியின் பெரிய சூப்பர்மார்க்கெட்டுக்கு ஓடாதீர்கள். அலமாரியில் டப்பாவைப் பார்க்கப் பெருமையாக இருக்கும், பணம் இரண்டு மூன்று மாதம் கழித்து வரும், சில நேரம் வராமலே போகும். கென்யாவின் பெரிய சங்கிலிக் கடைகளில் ஒன்றாக இருந்த நகுமாட் நொடித்துப்போய், 2020 ஜனவரியில் கடன்காரர்கள் அதைக் கலைத்துவிட வாக்களித்தபோது, சரக்கு போட்டிருந்த சப்ளையர்கள் எத்தனையோ பேருடைய பணம் உள்ளேயே மாட்டிக்கொண்டது. பெரிய கம்பெனிகள் அதைத் தாங்கின, மாதம் சில நூறு டப்பா போடுகிறவர் அந்த அடியில் எழுந்திருக்க மாட்டார். அதனால் கிசுமுவில் ஒரு மொத்த வியாபாரி, இரண்டு பள்ளிக்கூட ஹாஸ்டல், ஒரு பேக்கரி என்று தொடங்குங்கள். டப்பா எத்தனை கிராம், எண்ணெய் மேலே பிரிந்து நின்றால் பரவாயில்லையா, உப்பு போடலாமா, மாதம் எவ்வளவு, பணம் எத்தனை நாளில், இதையெல்லாம் கேட்டு வாட்ஸப்பிலாவது எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சை வைத்துக்கொண்டு யாரும் உங்களுக்கு மெஷின் நேரம் ஒதுக்க மாட்டார்கள்.

கடலையில் முக்கால்வாசிப் பேர் தடுக்கி விழுவது அஃப்ளடாக்சினில். சரியாகக் காயாத கடலையில் வரும் பூஞ்சணம் உண்டாக்கும் நஞ்சு அது. கண்ணுக்குத் தெரியாது, வறுத்தாலும் முழுசாகப் போகாது. கென்யா, உகாண்டா, தான்சானியா எல்லாம் உறுப்பினராக உள்ள கிழக்கு ஆப்பிரிக்கக் கூட்டமைப்பின் தர விதிகளில் மொத்த அஃப்ளடாக்சினுக்கு வழக்கமான உச்சவரம்பு கிலோவுக்கு 10 மைக்ரோகிராம், அதில் பி1 என்ற வகை மட்டும் 5-க்கு மேல் போகக்கூடாது. இதை ஏட்டுச் சட்டம்தானே என்று விட்டுவிட முடியாது. 2021 மார்ச்சில் கென்யா இதே காரணத்தைச் சொல்லி உகாண்டா, தான்சானியா மக்காச்சோளத்தை ஒரேயடியாக நிறுத்தியது, சில நாள் கழித்துத்தான் சான்றிதழ் நிபந்தனையோடு திறந்துவிட்டது. (அதில் அரசியல் இல்லையா என்று கேட்டால், இருக்கலாம். சான்றிதழ் கையில் இருந்தவருக்கு அந்தக் கேள்வி அவ்வளவாகச் சுடாது.)

ஆகவே வேலை ஆலையில் தொடங்குவதில்லை, களத்தில் தொடங்குகிறது. உரிக்க எளிதாக இருக்கட்டும் என்று காய் மேல் தண்ணீர் தெளிக்கும் பழக்கம் பல இடங்களில் உண்டு, முதலில் அதை நிறுத்தச் சொல்லுங்கள், பூஞ்சணத்துக்கு அதைவிட நல்ல விருந்து கிடையாது. வெறும் மண்ணில் காயப் போடாமல் தார்ப்பாயில் போடச் சொல்லுங்கள், காயைக் காதருகில் ஆட்டினால் உள்ளே பருப்பு கலகலவென்று ஓட வேண்டும். முடிந்தால் ஈரம் பார்க்கும் மீட்டர் ஒன்று வாங்கி, உரித்த பருப்பு 7 சதவீத அளவுக்கு வந்ததும் மூட்டை கட்டலாம். அப்புறம் கையால் பொறுக்குவது. சுருங்கியது, நிறம் மாறியது, உடைந்தது, மூன்றையும் எடுத்துப் போட்டாலே நஞ்சில் பெரும்பகுதி போய்விடும். பொறுக்கிய கழிவைக் கோழிக்குப் போடாதீர்கள், மலிவு விலைக்கு யாருக்கும் தள்ளியும் விடாதீர்கள்.

இப்போது மெஷின். திருப்பூரில் தையலுக்கு ஓர் இடம், சாயத்துக்கு ஓர் இடம், காஜா பட்டனுக்கு ஓர் இடம் என்று ஜாப் வொர்க் கொடுத்து வாங்குகிறார்களே, அதையே இங்கேயும் செய்யலாம். கம்பாலாவின் நகாவாவில் உகாண்டா தொழில் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது, உணவு பதப்படுத்தும் சிறு தயாரிப்பாளர்களுக்கு இடமும் கருவியும் கொடுத்து வளர்த்துவிடுவது அதன் வேலைகளில் ஒன்று. கென்யாவில் கிர்டி, தான்சானியாவில் 1973-லிருந்து இருக்கும் சிடோ, இரண்டும் அதே மாதிரி அரசு அமைப்புகள். ஆனால் எனக்கு அதிக நம்பிக்கை தனியார் ஆலைகள் மேல்தான். பகலில் ஓடி இரவில் சும்மா நிற்கும் வறுக்கும் டிரம், வாரத்தில் இரண்டு நாள் ஓய்வில் இருக்கும் நிரப்பும் லைன், இப்படி ஏதாவது ஒன்று தேடினால் அகப்படும். பிஸ்கட் ஆலையிடம் மட்டும் கேட்காதீர்கள், கடலை ஒவ்வாமை பயத்தில் கேட்டுக்குள்ளேயே விட மாட்டார்கள். அவர்கள் பயமும் நியாயம்தான்.

ஒப்பந்தம் நாலு பக்கம் இருந்தாலே போதும், ஆனால் சில விஷயங்கள் கறாராக இருக்க வேண்டும். கடலையும் டப்பாவும் யாருடையது, சேதாரம் எத்தனை சதவீதம் வரை ஒத்துக்கொள்வது (முதலில் ஒரு சோதனை பேட்ச் ஓட்டி, உள்ளே போனதையும் வெளியே வந்ததையும் எடை போட்டுவிட்டு அந்த எண்ணை எழுதுங்கள்), குறைந்தபட்ச பேட்ச் எவ்வளவு, கரண்ட் போய் டிரம்மில் கடலை கருகினால் யார் நஷ்டம், நம் பிராண்டையும் பக்குவத்தையும் அவர்கள் தங்களுக்கென்று பயன்படுத்தக்கூடாது. ஒவ்வொரு பேட்ச்சிலும் இரண்டு டப்பாவைத் தேதியும் எண்ணும் எழுதி ஒன்று ஆலையிலும் ஒன்று உங்களிடமும் இருக்கட்டும், கெட்டுப்போனது என்று கிசுமுவிலிருந்து போன் வந்தால் அந்த டப்பாதான் சாட்சி.

இங்கே பலருக்குத் தெரியாத ஒரு கண்ணி உண்டு. உகாண்டாவின் தர முத்திரையான க்யூ மார்க்கை வாங்கும்போது, பொருளைத் தயாரிக்கும் இடத்தையும் வந்து பார்த்துத்தான் கொடுப்பார்கள். வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டகையைக் காட்டி வாங்கிய முத்திரையை, வேறு ஆலையில் ஓட்டிய டப்பாவில் ஒட்ட முடியாது. எந்த ஆலை என்று முடிவான பிறகு, அந்த இடம், உங்கள் பிராண்ட், இரண்டையும் சேர்த்து விண்ணப்பியுங்கள். ஒரு கூட்டமைப்பு நாட்டின் முத்திரையை மற்ற நாடுகள் ஏற்க வேண்டும் என்று 2006-லேயே சட்டம் போட்டாகிவிட்டது. எல்லையில் நிற்கும் அதிகாரிக்கு அது நினைவில்லாமலும் போகலாம், ஆகவே ஆய்வக அறிக்கையின் நகலை டிரைவர் கையில் கொடுத்தனுப்புங்கள்.

எல்லைக் காகிதம் நினைப்பதைவிட லேசு. சரக்கின் மதிப்பு 2,000 டாலருக்கு உட்பட்டு, பொருள் இந்தக் கூட்டமைப்பில் விளைந்ததாகவோ செய்ததாகவோ இருந்தால், எளிமையாக்கப்பட்ட பிறப்பிடச் சான்றிதழ் ஒன்றை எல்லையிலேயே நிரப்பி வாங்கலாம், கிளியரிங் ஏஜென்ட் தேவையில்லை, சுங்கவரியும் இல்லை. அந்தச் சான்றிதழ் இல்லாவிட்டால், கூட்டமைப்புக்கு வெளியிலிருந்து வரும் முழுத்தயாரிப்புப் பொருள்களுக்கு விழுவது போல 25 அல்லது 35 சதவீதம் கட்ட வேண்டியிருக்கும், அந்த விலையில் கடலை பேஸ்ட்டை யாரும் வாங்க மாட்டார்கள். சுங்கவரி இல்லை என்றால் எதுவுமே இல்லை என்று அர்த்தம் இல்லை, வாட் போன்ற உள்நாட்டு வரிகளும் உணவுச் சோதனையும் அப்படியே இருக்கும். 2,000-க்கு மேல் போனால் முறையான பிறப்பிடச் சான்றிதழை உகாண்டா வரி ஆணையத்திடம் வாங்க வேண்டும், அப்போது ஏஜென்ட் வைத்துக்கொள்ளலாம். பெரிய சரக்கைத் துண்டு துண்டாக வெட்டி 2,000-க்குள் அடக்கும் புத்திசாலித்தனம் மட்டும் வேண்டாம், அதைப் பார்த்துப் பழகிய கண்கள்தான் அங்கே உட்கார்ந்திருக்கின்றன.

பிறப்பிட விதியில் ஒரு சலுகை இருக்கிறது, அதை நிறையப் பேர் பயன்படுத்துவதே இல்லை. கூட்டமைப்பின் எந்த நாட்டில் உற்பத்தியான மூலப்பொருளும் உங்கள் நாட்டுப் பொருள் மாதிரியே கணக்கில் சேரும். கென்யாவில் செய்த டப்பா, தான்சானியா உப்பு, உகாண்டா கடலை மூன்றும் சேர்ந்தாலும் பிறப்பிடத்துக்குச் சிக்கல் வராது. அதற்கான ரசீதுகளையும் சப்ளையரின் உறுதிமொழியையும் ஒரு பைலில் போட்டு வையுங்கள், கேட்கும்போது தேடினால் கிடைக்காது.

பணம்: சின்னத் தொகை என்றால் மொபைல் பணமே போதும், எல்லையில் நோட்டை மாற்றுவதைவிடப் பாதுகாப்பு. எந்த நாட்டு ஷில்லிங்கில் விலை சொல்கிறீர்கள் என்பதை மட்டும் யோசித்துச் செய்யுங்கள். கென்ய ஷில்லிங் 2024 தொடக்கத்தில் டாலருக்கு 160 வரை சரிந்துவிட்டு, சில மாதத்தில் 130 பக்கம் திரும்பி வந்தது. அந்த ஆட்டத்தை ஒரு கடலைக்காரர் தாங்க வேண்டியதில்லை, விலை முப்பது நாளுக்கு மட்டும் செல்லும் என்று எழுதிவிடுங்கள்.

ஆப்பிரிக்க கண்டம் முழுவதற்குமான தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் பற்றி ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். 2021 ஜனவரி 1 முதல் அதன்படி வணிகம் தொடங்கிவிட்டது, தலைமைச் செயலகம் அக்ராவில், 2022-ல் கென்யாவின் பேட்டரியும் தேயிலையும் அதன் கீழ் கானாவுக்குப் போயின. நல்ல விஷயம்தான். ஆனால் கென்யாவுக்கும் உகாண்டாவுக்கும் நடுவில் ஏற்கெனவே கூட்டமைப்புச் சலுகை இருப்பதால் அந்தப் புதுக் காகிதத்துக்கு வேலை இல்லை. பயிற்சி முகாம்களில் நாள் முழுக்கக் கண்டத்தைப் பற்றிப் பேசிவிட்டு, 2,000 டாலர் படிவத்தை ஒரு நிமிடம்கூடக் காட்டாமல் அனுப்புகிறார்கள், அதுதான் எரிச்சலாக இருக்கிறது. கடலை கானா வரை போகிற நாள் வந்தால் அப்போது அதைப் படித்துக்கொள்ளலாம்.

கம்பாலா, ஜின்ஜா, நைரோபி, தார் எஸ் சலாம் பக்கம் ஆலைகளில் மேனேஜராகவோ சூப்பர்வைசராகவோ இருக்கும் நம் ஆட்களுக்கு ஒன்று. உங்களுக்குத்தான் எந்த மெஷின் எந்த நேரம் சும்மா நிற்கிறது என்று தெரியும். முதலாளியிடம் போகும்போது "பாவம், உதவலாம்" என்று தொடங்காதீர்கள். காலி ஷிப்டுக்கு ஆகும் கரண்ட், கூலி, சுத்தம் செய்யும் செலவு மூன்றையும் கூட்டி, அதற்கு மேல் கிலோவுக்கு எவ்வளவு நிற்கும் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். முதல் மூன்று பேட்ச்சுக்குக் கூலியை முன்பணமாக வாங்கிக்கொள்ளலாம் என்றும் அதிலேயே எழுதுங்கள்.