ஆக்ஸ்போர்டுக்கு நாயோடு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆக்ஸ்போர்டில் தெருக்கள், ஆற்றங்கரை, புல்வெளிகள், பெரும்பாலான பப்கள் என்று நாயோடு போக நிறைய இடம் உண்டு. கல்லூரி வாசல் மட்டும் திறக்காது. கிறைஸ்ட் சர்ச் தொடங்கி, பார்வையாளர்களை அனுமதிக்கும் கல்லூரிகள் அநேகமாக எல்லாவற்றிலும் மாற்றுத்திறனாளிகளுக்கு உதவப் பயிற்சி பெற்ற உதவி நாய்களுக்கு மட்டுமே அனுமதி. ஆஷ்மோலியன் அருங்காட்சியகமும், 1621-ல் தொடங்கிய தாவரவியல் பூங்காவும் அப்படித்தான். இதை விசாரிக்காமல் வருகிறவர்கள் கோடைதோறும் அதே தவறுகளைச் செய்கிறார்கள். தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள், மலத்தை அள்ளப் பை வைத்துக்கொள்ளுங்கள் என்பதெல்லாம் நாய் வளர்ப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மற்றவற்றைப் பார்ப்போம்.

முதலில் டிக்கெட், அப்புறம் நாய்

மற்ற தவறுகள் பலவும் இதிலிருந்துதான் கிளம்புகின்றன. கிறைஸ்ட் சர்ச்சின் சாப்பாட்டுக் கூடத்தைப் பார்க்க வேண்டும் என்று நேரம் குறித்த டிக்கெட்டை வாரக்கணக்கில் முன்பே வாங்கிவிடுகிறார்கள். நாயை எங்கே விடுவது என்ற கேள்வி எழுவதோ, காரை நிறுத்திவிட்டுப் பேருந்தில் போவதற்காக நகருக்கு வெளியே இருக்கும் பார்க் அண்ட் ரைடில் காரை நிறுத்தும்போதுதான். டிக்கெட் நேரம் நெருங்குகிறது, நாய்க்கு உள்ளே இடமில்லை, பணத்தை விடவும் மனமில்லை. “ஒரு மணி நேரம்தானே, கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவிட்டுப் போய் வந்துவிடலாம்” என்ற முடிவு அங்கேதான் பிறக்கிறது.

அது ஒரு மணி நேரம் அல்ல. தெற்கே ரெட்பிரிட்ஜில் நிறுத்தினால்கூட நகர மையம் ஏறக்குறைய 3 கிலோமீட்டர். பேருந்துக்குக் காத்திருப்பு, பயணம், வாசல் வரிசை, உள்ளே சுற்றிப் பார்ப்பது, பிறகு திரும்பும் பேருந்து என்று கூட்டிப் பாருங்கள், இரண்டரை மணி நேரம் சர்வசாதாரணமாக ஓடிவிடும்.

வெளியே 22 டிகிரி செல்சியஸ் என்றால் இங்கிலாந்தில் இதமான நாள். அந்த நாளில் மூடிய காருக்குள் ஒரு மணி நேரத்தில் 47 டிகிரி வரை ஏறக்கூடும். கண்ணாடி வழியே வரும் வெயிலை இருக்கையும் டாஷ்போர்டும் உறிஞ்சிச் சூடாகி, உள்ளேயிருக்கும் காற்றைச் சூடாக்குகின்றன. அந்தச் சூடு வெளியேற வழியில்லை. ஜன்னலை நான்கு விரற்கடை இறக்குவதால் பெரிய வித்தியாசம் வராது. மேகமூட்டமான நாளும் காப்பாற்றாது. நிழலில் நிறுத்தினோம் என்பார்கள். நீங்கள் திரும்பி வருவதற்குள் நிழல் நகர்ந்திருக்கும்.

நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. மூச்சிரைத்து, நாக்கிலும் சுவாசப் பாதையிலும் உள்ள ஈரத்தை ஆவியாக்கித்தான் உடம்பைக் குளிர்விக்கிறது. மூடிய காரில் அந்த ஈரமே காற்றில் தங்கிவிடுவதால், மூச்சிரைக்க இரைக்கப் பலன் குறைந்துகொண்டே போகும். பக், பிரெஞ்ச் புல்டாக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு இந்த வழியும் பாதிதான் வேலை செய்யும்.

காரில் நாயை விடுவதற்கென்று தனித் தடைச் சட்டம் இல்லை. ஆனால் நாய் துன்பப்பட்டால் 2006-ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டத்தின் கீழ் உரிமையாளர் மீது வழக்கு வரும். வேறொருவர் காரில் நாய் தவிப்பதைக் கண்டால் 999-க்கு அழைத்துக் காவல் துறையிடம் சொல்லுங்கள். நேரத்தையும் வண்டி எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். வெப்பத்தில் தள்ளாடும் நாயை உடனே காரில் ஏற்றி ஓட்டக் கூடாது. முதலில் குளிர்விக்க வேண்டும், பிறகுதான் பயணம். குழாய்த் தண்ணீரை உடம்பு முழுக்க ஊற்றுங்கள், விசிறுங்கள், அதே நேரத்தில் இன்னொருவர் கால்நடை மருத்துவரை அழைக்கட்டும். ஈரத் துண்டால் போர்த்த வேண்டாம்; அது வெப்பத்தை உள்ளேயே பிடித்து வைக்கும்.

இந்தத் தவறு இவ்வளவு எரிச்சலூட்டக் காரணம், வீட்டிலேயே பத்து நிமிடம் உட்கார்ந்து யோசித்திருந்தால் இது நடந்தே இருக்காது. நாய்க்கு இடத்தை முடிவு செய்த பிறகு டிக்கெட் வாங்குங்கள். அதற்கு மூன்று வழிகள்.

இரண்டு பெரியவர்கள் இருந்தால் மாறி மாறிப் போகலாம். இருவருக்கும் ஒரே நேரத்துக்கு வாங்காமல், ஒன்றரை மணி நேர இடைவெளியில் இரண்டு டிக்கெட் வாங்குங்கள். ஒருவர் உள்ளே இருக்கும்போது மற்றவர் பக்கத்திலேயே கிறைஸ்ட் சர்ச் மெடோ என்ற புல்வெளியில் நாயோடு நடக்கலாம். அங்கே கட்டணம் இல்லை, நாய் லீஷில் (பிடிகயிற்றில்) இருந்தால் அனுமதி உண்டு. இப்படி மாறிப் போவதற்கு இன்னும் வசதியானவை ஆஷ்மோலியன், இயற்கை வரலாற்று அருங்காட்சியகம், அதன் உள்ளே ஒட்டியிருக்கும் பிட் ரிவர்ஸ் ஆகிய மூன்றும். நுழைவு இலவசம் என்பதால் டிக்கெட் நேரம் துரத்தாது.

தனியாக வருகிறவருக்கு நாய்ப் பகல் காப்பகம்தான் வழி. 2018-ஆம் ஆண்டு ஒழுங்குமுறையின்படி இங்கிலாந்தில் இத்தகைய காப்பகங்களுக்கு உள்ளூர் மன்றத்தின் உரிமம் வேண்டும். உரிமத்தோடு ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திர மதிப்பும் தருவார்கள். இரண்டையும் கேட்டுப் பாருங்கள். முன்தினம் போன் செய்தால் இடம் கிடைக்கும் என்று நினைக்காதீர்கள். பல காப்பகங்கள் தடுப்பூசி அட்டை கேட்கும், சில முன்கூட்டியே ஓர் அறிமுக நாள் வைத்து நாய் மற்ற நாய்களோடு பழகுகிறதா என்று பார்க்கும். கென்னல் காஃப் என்ற தொற்று இருமலுக்கு மூக்கில் விடும் தடுப்பு மருந்தையும் கேட்பது வழக்கம். அது முழுமையாக வேலை செய்ய மூன்று வாரம் வரை ஆகலாம். ஆகவே பயணத்துக்கு ஒரு மாதம் முன்பே போட்டுவிடுங்கள்.

மூன்றாவது வழி, உள்ளே போவதையே விட்டுவிடுவது. வட்ட வடிவ நூலகமான ராட்கிளிஃப் கேமரா, கட்டடக் கலைஞர் ரென் வடிவமைத்த ஷெல்டோனியன் அரங்கம், 1914-ல் கட்டி முடித்த ஹெர்ட்ஃபர்டு பாலம், அதன் கீழே வளைந்து போகும் நியூ காலேஜ் லேன் என்று ஆக்ஸ்போர்டின் அழகில் பெரும்பகுதி தெருவில் நின்று பார்க்கக் கூடியதுதான். நாயோடு வரும் நாளில் அது போதும் என்பதே எங்கள் கருத்து. ராட்கிளிஃப் சதுக்கத்தின் உருண்டைக் கற்களில் சின்ன நாய்களும் வயதான நாய்களும் தடுமாறும், ஓரமாக நடத்துங்கள்.

வாசலில் கட்டிவிட்டுப் போவது

காருக்கு அடுத்தபடி இதுதான். கல்லூரிக் கம்பியில் சைக்கிள்களுக்கு நடுவே கட்டப்பட்ட நாயை யார் வேண்டுமானாலும் அவிழ்க்கலாம். 2024-ஆம் ஆண்டுச் சட்டத்தால் இங்கிலாந்தில் நாய்க் கடத்தல் தனிக் குற்றமாகி, ஐந்தாண்டு வரை சிறை என்று வந்திருக்கிறது. அதனால் உங்கள் நாய் திரும்பி வந்துவிடாது. பொது இடத்தில் கழுத்துப்பட்டையில் உரிமையாளரின் பெயரும் முகவரியும் இருப்பது சட்டப்படி கட்டாயம். 2016 முதல் மைக்ரோசிப்பும் கட்டாயம். வீடு மாறியவர்கள் சிப் பதிவில் முகவரியை மாற்ற மறந்துவிடுகிறார்கள். புறப்படும் முன் அதைச் சரிபாருங்கள்.

‘உதவி நாய்’ என்று மேலங்கி மாட்டுவது

செய்யாதீர்கள். மன ஆறுதலுக்காக வைத்திருக்கும் நாய்க்கு, 2010-ஆம் ஆண்டு சமத்துவச் சட்டம் உதவி நாயை நம்பியிருப்பவருக்குத் தரும் பாதுகாப்பு கிடையாது. போலி மேலங்கிகளால் அவதிப்படுவது உண்மையான உதவி நாயோடு வருகிறவர்தான்.

ஆற்றங்கரையில் நீளும் லீஷ்

டானிங்டன் பாலத்திலிருந்து ஃபாலி பாலம் வரையிலான தேம்ஸ் கரைப் பாதை நாயோடு நகருக்குள் நுழைய அருமையான வழி. ஆனால் அது படகுப் பயிற்சிப் பாதையும்கூட. துடுப்புப் படகுக் குழுக்களின் பயிற்சியாளர்கள் கரையில் சைக்கிளில் வருவார்கள். கண் ஆற்றிலுள்ள படகில் இருக்கும், பாதையில் இருக்காது. ஐந்து மீட்டர் நீளும் மெல்லிய கயிறு லீஷ் பாதையின் குறுக்கே கிடந்தால் அவர்களுக்குத் தெரியவே தெரியாது. சைக்கிள்காரர் விழுவார், கயிறு சுண்டி நாயின் கழுத்து இழுபடும், கயிற்றைப் பிடித்த உங்கள் விரலும் வெட்டுப்படும். ஒன்றரை மீட்டர் அளவுள்ள பட்டை லீஷ் போதும். நாயை ஆற்றுப் பக்கம் அல்லாமல் புல் ஓரமாக நடத்துங்கள்.

மே மாதக் கடைசியை ஒட்டி வரும் எய்ட்ஸ் (Eights) என்ற கல்லூரிப் படகுப் பந்தய வாரத்தில், புதன் முதல் சனி வரை, இந்தப் பாதையை மறந்துவிடுங்கள். கரை முழுக்க சைக்கிளும் கூச்சலும்தான்.

போர்ட் மெடோவை நாய்ப் பூங்காவாக நினைப்பது

நகரின் வடமேற்கே விரிந்து கிடக்கும் போர்ட் மெடோ பொது மேய்ச்சல் நிலம். அங்கே மாடுகளும் குதிரைகளும் வேலியில்லாமல் திரியும். கன்றோடு நிற்கும் பசு நாயைக் கண்டால் மிரண்டு துரத்தும். கிறைஸ்ட் சர்ச் மெடோவில் நீண்ட கொம்புடைய மாடுகள் வேலிக்கு அப்பால் மேய்வதைப் பார்த்துவிட்டு, இங்கேயும் அப்படித்தான் என்று நம்பி வருகிறார்கள். லீஷைக் குட்டையாகப் பிடித்து, மாடுகளுக்கு அகல இடம் விட்டுச் சுற்றிப் போங்கள். அவை பாய்ந்து வந்தால் லீஷை விட்டுவிடுங்கள். நாய் ஓடித் தப்பிக்கும், அதைப் பிடித்துக்கொண்டு நிற்பவர்தான் மிதிபடுவார்.

கோடையில் தேங்கிய நீரில் நீலப்பச்சைப் பாசி படரலாம். பச்சைச் சாயம் கொட்டியது போல நுரை கரை ஒதுங்கியிருந்தால் நாயைத் தண்ணீரில் இறக்காதீர்கள். குடிக்காவிட்டாலும் ரோமத்தை நக்கினாலே நஞ்சு உள்ளே போகும், கல்லீரலையும் நரம்பையும் தாக்கும், மாற்று மருந்து கிடையாது. தவறி இறங்கிவிட்டால் நக்க விடாமல் நல்ல தண்ணீரால் அலசிவிட்டு நேரே மருத்துவரிடம் போங்கள். வாந்தி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

மேய்ச்சல் நிலத்தில் மலத்தை அப்படியே விட்டுவிடலாம் என்பதும் தவறு. நாய் மலத்தில் வரும் நியோஸ்போரா என்ற ஒட்டுண்ணி புல் வழியே பசுவுக்குப் போனால் கரு கலையும்.

பன்ட் படகில் லீஷைக் கட்டுவது

தட்டையான அடி கொண்ட பன்ட் எளிதில் கவிழாது. நாய்தான் அதிலிருந்து குதித்துவிடும். லீஷ் படகில் கட்டியிருந்தால் தண்ணீரில் தொங்கி மூச்சுத் திணறும். முதுகில் கைப்பிடி உள்ள மிதவைச் சட்டை மாட்டி, லீஷைக் கழற்றி, நடுவில் தரையில் உட்கார வையுங்கள். ஆக்ஸ்போர்டில் கழி ஊன்றுபவர் கேம்பிரிட்ஜில் போல மேல் தளத்தில் நிற்பதில்லை, படகின் உள்ளே பின் முனையில் நிற்பார். அவர் காலடியில் நாய் வந்தால் இருவரும் ஆற்றில்தான். நாயை ஏற்றலாமா என்று படகுத் துறையில் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

இரவு 9:05

கிறைஸ்ட் சர்ச்சின் டாம் டவரில் உள்ள பெரிய மணி 101 முறை அடிக்கும். சத்தத்துக்குப் பயப்படும் நாயை அந்த நேரத்தில் செயின்ட் ஆல்டேட்ஸ் பக்கம் கூட்டிப் போகாதீர்கள்.

மே 1, விடியற்காலை

மே தினக் கொண்டாட்டத்துக்காக மாட்லின் பாலத்தில் ஆயிரக்கணக்கானோர் நிற்பார்கள். நாய் அறையில் இருக்கட்டும்.

ரயிலிலும் கல்லூரி அறையிலும்

ரயிலில் ஒருவர் இரண்டு நாய்கள் வரை இலவசமாகக் கூட்டிவரலாம், இருக்கையில் ஏற்றக் கூடாது. பேருந்தில் ஏற்றுவது ஓட்டுநரின் விருப்பம். நெரிசல் நேரத்தில் மறுத்தால் வாதாடிப் பயனில்லை. விடுமுறையில் கல்லூரிகள் வாடகைக்கு விடும் மாணவர் அறைகள் மலிவாக இருக்கிறதே என்று எடுத்துவிடாதீர்கள், அங்கும் பொதுவாக நாய்க்கு இடமில்லை.

பிரான்ஸ், ஜெர்மனியிலிருந்து வருகிறவர்களுக்கு

மைக்ரோசிப், ரேபிஸ் தடுப்பூசி, முதல் ஊசிக்குப் பின் 21 நாள் காத்திருப்பு ஆகியவற்றைப் பெரும்பாலோர் சரியாகச் செய்துவிடுகிறார்கள். இடறுவது நாடாப்புழு மருந்தில்தான். பிரிட்டனுக்குள் நுழைவதற்கு 24 மணி நேரம் முதல் 120 மணி நேரத்துக்குள் கால்நடை மருத்துவர் கொடுத்து, தேதியோடு நேரத்தையும் எழுதியிருக்க வேண்டும். வீட்டில் நீங்களே மாத்திரை கொடுத்தது கணக்கில் வராது. யூரோஸ்டாரில் சாதாரண நாய்களுக்கு அனுமதி இல்லை, கால்வாய்ச் சுரங்கம் வழியே காரை ஏற்றிச் செல்லும் ரயிலில் காருக்குள்ளேயே உங்களோடு வரலாம்.