புதிதாக வாங்கிய பழங்காசைக் காட்டும் அவசரத்தில் செய்யும் தவறுகள்

நூறு, இருநூறு ஆண்டுகள் எத்தனையோ கை மாறித் தப்பிப் பிழைத்த நாணயம் கெட்டுப்போக, புதிய சொந்தக்காரர் உறையைப் பிரித்த முதல் ஒரு மணி நேரமே போதும். காரணம் ஆசைதான். உடனே படம் எடுக்க வேண்டும், நாலு பேரிடம் காட்ட வேண்டும், அவர்கள் ‘அடடா’ என்பதைக் கேட்க வேண்டும். காட்டுவதில் தப்பே இல்லை, சேகரிப்பின் பாதி சுகம் அதில்தான் இருக்கிறது. ஆனால் அந்த அவசரத்தில் சில காரியங்கள் நடந்துவிடுகின்றன, அவற்றில் பாதியைத் திருப்பிச் சரிசெய்ய முடியாது.

முதலாவது, பளிச்சென்று தெரியட்டும் என்று தேய்ப்பது. பற்பசை, எலுமிச்சைச் சாறு, சமையல் சோடா, வெள்ளிக்கு மெருகேற்றும் திரவம், எதுவானாலும் வேண்டாம். காசு அச்சாகும் நொடியில், அழுத்தத்தால் உலோகம் அச்சின் பள்ளங்களுக்குள் பாய்கிறது. அப்போது அதன் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய கோடுகள் விழுகின்றன. புழங்காத காசை விளக்கொளியில் சாய்த்துத் திருப்பினால் ஓர் ஒளிக்கீற்று அதன் மேல் சுற்றிவருமே, அது இந்தக் கோடுகளால் வருவது. பாத்திரம் துலக்குவது போலத் தேய்த்தால் அந்தக் கோடுகள் போய்விடும், பதிலுக்குக் கீறல்கள்தான் மிஞ்சும். பிறகு காசு மின்னும், ஆனால் உயிர் இருக்காது. அனுபவமுள்ள சேகரிப்பாளர் ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிடுவார். பிசிஜிஎஸ், என்ஜிசி போன்ற தரமதிப்பீட்டு நிறுவனங்களும் இப்படிக் கெடுக்கப்பட்ட காசுக்கு வழக்கமான 70 புள்ளி அளவில் மதிப்பெண் தராமல், ‘சுத்தம் செய்யப்பட்டது’ என்று குறித்து அனுப்பிவிடுவார்கள்.

வெள்ளிக் காசின் மேல் படிந்த கருமையும், செம்பின் பழுப்பும் அழுக்கு அல்ல. காற்றில் உள்ள கந்தகச் சேர்மங்களோடு வெள்ளி மெல்ல வினைபுரிந்து உண்டான படலம் அது. படலம் மெலிதாக இருக்கும்போது பொன்னிறமும் ஊதாவும் நீலமுமாகத் தெரியும். அந்த நிறங்களுக்காகவே தேடி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். சரி, அப்படியானால் எதையுமே தொடக்கூடாதா? பிசுபிசுப்போ எண்ணெயோ ஒட்டியிருந்தால், காற்றோட்டமான இடத்தில், நெருப்பு பக்கத்தில் இல்லாமல், கலப்பில்லாத அசிட்டோன் என்ற கரைப்பானில் ஊறவைத்து எடுக்கலாம். தேய்க்காமல் தானாக உலர விட வேண்டும். நகப்பூச்சு அழிக்கும் திரவம் இதற்கு ஆகாது, அதில் வேறு பொருட்களும் கலந்திருக்கும்.

பழைய வெண்கலக் காசில் கெட்டியாகப் படிந்த பச்சை வேறு, தொட்டால் உதிரும் வெளிர்பச்சைப் பொடி வேறு. முன்னது காசைக் காக்கும் படலம். பின்னது குளோரைடும் ஈரமும் சேர்ந்து உலோகத்தை அரிக்கும் நோய். பொடி தெரிந்தால் அந்தக் காசை உடனே ஈரமில்லாத இடத்தில் தனியாக வையுங்கள். மற்றக் காசுகளோடு ஒரே பெட்டியில் போட்டு ஊர்வலம் கொண்டுபோக வேண்டாம்.

பிடிப்பதிலும் முறை உண்டு. விளிம்பை மட்டும் இரண்டு விரலால் பிடிக்க வேண்டும். விரல் வியர்வையில் உள்ள உப்பும் அமிலமும் செம்பில் ரேகையாகப் பதிந்தால், சில மாதத்தில் அது நிரந்தரக் கறை. காசை வாய்க்கருகே வைத்துக்கொண்டு வரலாறு சொல்லாதீர்கள், தெறிக்கும் எச்சில் துளி பின்னாளில் கரும்புள்ளியாகும். நண்பரிடம் காட்டும்போது கையிலிருந்து கைக்குக் கொடுப்பது இன்னொரு தவறு. அவர் பிடித்துவிட்டார் என்று நீங்கள் விடுவீர்கள், நீங்கள் இன்னும் விடவில்லை என்று அவர் நினைப்பார். நடுவில் காசு தரையில். மேசை மேல் மெத்தென்ற துணி விரித்து அதில் வைத்துவிடுங்கள், அவர் எடுத்துப் பார்க்கட்டும்.

படம் எடுப்பவர்கள் ஃபிளாஷைத்தான் முதலில் நம்புகிறார்கள், அதுதான் முதலில் ஏமாற்றுகிறது. நேராகப் பாயும் ஒளியில் நடுவில் ஒரு வெள்ளைத் திட்டும் சுற்றிலும் இருட்டும்தான் கிடைக்கும். மெல்லிய தாளால் மட்டுப்படுத்திய விளக்கைப் படத்தின் மேல்பக்கம் வரும் திசையில் சாய்வாக வையுங்கள். ஒளி கீழிருந்து வந்தால் புடைத்த முகம் குழிந்தது போலத் தோன்றும், நம் கண் அப்படிப் பழகியது. இரண்டு பக்கமும் கட்டாயம் வேண்டும், முடிந்தால் விளிம்பும். நிறத்தை மென்பொருளில் கூட்டுவது அழகுபடுத்தல் அல்ல, பொய் சொல்வது. விற்கும் எண்ணம் இருந்தால் மோசடி என்றே சொல்லலாம். அப்புறம், பின்னணியில் வீட்டு அலமாரியும், படத்தின் கோப்பில் இருப்பிடத் தகவலும் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

காசின் மேல் உள்ள ஆண்டைப் பார்த்ததும் அதன் வயதை அறிவிப்பது பெரிய சபையிலும் நடக்கும் சறுக்கல். மரியா தெரசா தாலர் என்ற பெரிய வெள்ளிக் காசில் 1780 என்று இருக்கும். ஆஸ்திரிய அரசி மரியா தெரசா இறந்த ஆண்டு அது. அதே ஆண்டைப் போட்டே வியன்னாவில் மட்டுமல்லாமல் லண்டன், ரோம், பம்பாய் அச்சகங்களிலும் பிற்காலத்தில் அடித்தார்கள். ஆகவே 1780 என்பதை வைத்துக்கொண்டு ‘இருநூறு ஆண்டுக்கு மேல் பழையது’ என்று சொல்லிவிட முடியாது, அச்சின் நுண்விவரங்களைப் பார்க்க வேண்டும். ஒட்டோமான் சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீதின் காசுகளில் 1293 என்று இருந்தால் அது கி.பி. 13ஆம் நூற்றாண்டு அல்ல. அவர் அரியணை ஏறிய ஹிஜ்ரி (இஸ்லாமிய நாட்காட்டி) ஆண்டு, அதாவது கி.பி. 1876. காசு அடித்த ஆண்டை அறிய, தனியே பொறித்திருக்கும் ஆட்சி ஆண்டையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

அரிய காசு கிடைத்துவிட்டது என்ற கூச்சலும் இதே வகை. போருக்குச் செம்பு தேவைப்பட்டதால் 1943இல் அமெரிக்க ஒரு சென்ட் காசைத் துத்தநாகம் பூசிய எஃகில் அடித்தார்கள். தவறுதலாக வெண்கலத்தில் விழுந்தவை வெகு சில. அதனால் எஃகுக் காசுக்குச் செம்பு முலாம் பூசி ஏமாற்றுவது பழைய வித்தை, காந்தத்தில் ஒட்டினால் குட்டு வெளிப்படும். ஒட்டவில்லை என்றாலும் துள்ள வேண்டாம். 1948ஆம் ஆண்டுக் காசின் 8ஐச் செதுக்கி 3 ஆக்குகிறவர்களும் உண்டு. எடை, விட்டம், எழுத்தின் வடிவம் மூன்றையும் பார்த்த பிறகே வாயைத் திறக்க வேண்டும். ‘பிழைக் காசு’ என்று காட்டப்படும் பலவும் புழக்கத்தில் அடிபட்டவைதான். லென்ஸில் பாருங்கள்: கோடு மேலே புடைத்திருந்தால் அச்சில் விழுந்த விரிசலாக இருக்கலாம், உள்ளே குழிந்திருந்தால் பெரும்பாலும் வெறும் கீறல்.

பாராட்டு எல்லாம் முடிந்ததும் காசை வந்த உறையிலேயே போட்டு வைக்காதீர்கள். மென்மையான பி.வி.சி. உறை நாளடைவில் பச்சைப் பிசினைக் கக்கும். மைலார் என்ற பாலியெஸ்டர் உறையோ கெட்டியான அக்ரிலிக் சிமிழோ போதும். ஆனால் காசோடு வந்த பழைய துண்டுச் சீட்டைக் குப்பையில் போடாதீர்கள். முந்தைய சேகரிப்பாளர் கையால் எழுதிய ஒரு வரி, காசு வந்த வழிக்குச் சான்று. தொன்மையான காசானால் அதன் மதிப்பே சில சமயம் அந்தச் சீட்டில்தான் நிற்கும்.

பார்க்க வருகிறவர்களும் சும்மா இல்லை. முதல் கேள்வியே ‘எவ்வளவு கொடுத்தீர்கள்?’ என்றால் காட்டுகிறவர் முகம் சுருங்கிவிடும். அதைவிட மோசம், படத்தை மட்டும் பார்த்து எல்லோர் முன்னாலும் ‘போலி’ என்று தீர்ப்பு சொல்வது. சந்தேகம் வந்தால் எடையைக் கேளுங்கள், விளிம்பின் படத்தைக் கேளுங்கள். விளிம்பைச் சுற்றி இணைப்புக் கோடு, முகத்தில் குமிழ்க் குழிகள், வேறொரு காசில் அதே இடத்தில் அதே பள்ளம் என்று எதைப் பார்த்துச் சந்தேகப்படுகிறீர்களோ அதைத் தனியே அழைத்துச் சொல்லுங்கள். அதையும் தாமதிக்காமல் சொல்லுங்கள், விற்றவரிடம் திருப்பிக் கொடுக்கும் கெடு முடிந்த பிறகு சொல்லி அவருக்குப் பயனில்லை.