இளம் இயற்பியலாளர்கள் சறுக்கும் இடங்கள்: 10 நிமிட உரையிலிருந்து விருதுப் பரிந்துரை வரை

அமெரிக்க இயற்பியல் கழகம் ஆண்டுதோறும் மார்ச்சில் நடத்தும் மாநாட்டில் ஒரு சாதாரண உரைக்குக் கிடைப்பது 10 நிமிடம். கேள்விகளுக்கு இன்னும் 2 நிமிடம், அவ்வளவுதான். இது தெரிந்தும் பலர் 25 ஸ்லைடுகளோடு மேடையேறுகிறார்கள். நானும் அப்படி ஏறியவன்தான். முடிவுகள் இருந்த ஸ்லைடை எட்டுவதற்குள் அமர்வுத் தலைவர் எழுந்து நின்றுவிட்டார்.

வேகமாகப் பேசினால் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள், வெட்டத்தான் வேண்டும். "முதலில் அறிமுகம், அடுத்து செய்முறை" என்று பட்டியல் போடும் ஸ்லைடு போகட்டும். சமன்பாட்டை வருவிக்கும் படிகளும் போகட்டும். ஒரு கேள்வி, ஒரு வரைபடம், அதிலிருந்து நீங்கள் கண்டது: 10 நிமிடத்துக்கு இதுவே நிறைய. வரைபடம் திரையில் வந்ததும் எந்த அச்சில் என்ன இருக்கிறது என்று வாயால் சொல்லுங்கள். உங்களுக்கு அது மனப்பாடம், எதிரே இருப்பவருக்கு அது வெறும் வளைகோடு.

இன்னொரு பொறி, உரைச் சுருக்கம். மார்ச் மாநாட்டுக்கான சுருக்கத்தை முந்தைய அக்டோபர் வாக்கிலேயே அனுப்பிவிட வேண்டும். அதற்குள் வருமென்று நம்பி, இன்னும் எடுக்காத அளவீட்டின் முடிவை அதில் எழுதிவிடுகிறார்கள். அப்புறம் பிப்ரவரி முழுக்கத் தூக்கமில்லை. கையில் இருப்பதை மட்டும் எழுதுங்கள். புதிதாக ஏதாவது கிடைத்தால் மேடையில் சேர்த்துக்கொள்ளலாம்.

விருதுகளில் நடக்கும் தவறு வேறு மாதிரி. நல்ல கட்டுரை வெளிவந்தால் யாராவது கவனிப்பார்கள் என்று காத்திருப்பது நம்மில் பலருக்குப் பழக்கம். பெரும்பாலான விருதுகளுக்கு இன்னொருவர் உங்கள் பெயரை முன்மொழிய வேண்டும். எனவே நெறியாளரிடமோ, உங்கள் வேலையை அறிந்த வேறொரு மூத்தவரிடமோ நேராகக் கேட்டுவிடுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம், அவர்களும் ஒரு காலத்தில் யாரிடமாவது கேட்டிருப்பார்கள். "எனக்கு வயது ஏறிவிட்டது" என்று ஒதுங்குவதற்கு முன் விதியையும் படியுங்கள். பல விருதுகளில் வயதைப் பார்ப்பதில்லை, முனைவர் பட்டம் பெற்ற பின் எத்தனை ஆண்டு என்றுதான் பார்க்கிறார்கள். குழந்தைப் பேறு போன்ற இடைவெளிகளைக் கழித்துக்கொள்ள இடம் தரும் விருதுகளும் உண்டு.

பரிந்துரைக் கடிதத்தில்தான் விஷயமே இருக்கிறது. "கடின உழைப்பாளி, மிகச் சிறந்த மாணவி" என்று ஒரு பக்கம் எழுதியிருந்தால் தேர்வுக் குழுவுக்கு அதில் பிடித்துக்கொள்ள எதுவும் இருக்காது. குழுவில் பாதிப் பேர் உங்கள் துறையே இல்லை. அவர்கள் தேடுவது ஒன்றைத்தான்: இந்த வேலையில் இவர் செய்தது எது? கூட்டு ஆய்வு என்றால் இது இன்னும் சிக்கல். ஈர்ப்பு அலைகளைக் கண்டறிந்ததை அறிவித்த 2016 கட்டுரையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்கள். அப்படிப்பட்ட இடத்தில் "நாங்கள் கண்டறிந்தோம்" என்பது உண்மைதான், ஆனால் உங்களைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. அளவீட்டில் கலந்த எந்த இரைச்சலை நீங்கள் களைந்தீர்கள், எந்த நிரலை எழுதினீர்கள் என்று ஒரு பக்கக் குறிப்பாக எழுதி, கடிதம் தருபவரிடம் கெடுவுக்கு ஒரு மாதம் முன்பே கொடுங்கள். கடிதங்கள் எல்லாமே ஒரே ஆய்வகத்திலிருந்து வராமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

விருது கிடைத்துவிட்டால் உரை மறுபடியும் வந்து நிற்கும். அணுக்கருவுக்குள் துகள்கள் அடுக்கடுக்கான கூடுகளில் அமைவதாக விளக்கும் கூடு மாதிரிக்காக (shell model) 1963-இல் நோபல் பரிசு பெற்ற மரியா கெப்பர்ட் மேயரின் பெயரில், பணிவாழ்வின் தொடக்கத்தில் இருக்கும் பெண் இயற்பியலாளர்களுக்கு அமெரிக்க இயற்பியல் கழகம் ஒரு விருது தருகிறது. பரிசுத் தொகையோடு, வேறு நிறுவனங்களுக்குப் போய் உரையாற்றப் பயணச் செலவும் அதில் அடக்கம். அங்கெல்லாம் முன்வரிசையில் வானியலாளர், பின்வரிசையில் இளநிலை மாணவர் என்று கலந்துதான் உட்கார்ந்திருப்பார்கள். முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வுக்குச் செய்த ஸ்லைடுகளையே அங்கேயும் தூக்கிக்கொண்டு போகாதீர்கள்.