பிள்ளை ஆசைப்பட்ட மட்டக்குதிரை கிடைக்கவில்லையா? இப்படிச் செய்து பாருங்கள்

குதிரையேற்றம் பழகப் போகும் பிள்ளைகளை முதலில் ஏற்றிவிடுவது பெரும்பாலும் வயதான, சாதுவான ஒரு மட்டக்குதிரை மேல்தான். சில மாதத்தில் அது 'நம்ம குதிரை' ஆகிவிடும். அப்புறம் ஒரு நாள், "இவனை நாமளே வாங்கிக்கலாமாப்பா?" என்ற கேள்வி வரும். தமிழக-கேரள எல்லையோரம் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கம் தோப்பும் தண்ணீர்த் தொட்டியும் உள்ள வீடுகளில் இதற்குச் சட்டென்று முடியாது என்று சொல்ல வாய் வராது. இடம்தான் இருக்கிறதே என்று விலை பேசப் போவோம். பேச்சு முறிந்துவிடும். வீட்டில் ஒரு பிள்ளை சாப்பிடாமல் படுத்திருக்கும். அந்த நிலையில் இருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

படி 1: ஏன் கிடைக்கவில்லை என்று தெளிவாகக் கேளுங்கள்

காரணம் பெரும்பாலும் மூன்றில் ஒன்றாக இருக்கும். குதிரையேற்றப் பள்ளிக்காரர் விற்க மாட்டார், வேறு யாரோ முந்திக்கொண்டார்கள், அல்லது கால்நடை மருத்துவர் பார்த்துவிட்டு வேண்டாம் என்றார். எது என்று தெரியாமல் மனதைத் தேற்ற முடியாது.

விற்க மறுப்பவரிடம் கோபித்துக்கொள்வதில் பயனில்லை. "இவனைக் கொடுத்துட்டா புதுசா வர்ற குழந்தைங்கள எது மேலங்க ஏத்தறது?" என்பார். நியாயம்தானே. காதருகே கத்தினாலும், பிடரி மயிரைப் பிடித்துத் தொங்கினாலும் அசையாமல் நிற்கும் குதிரையைச் சந்தையில் ஒரே நாளில் பிடித்துவர முடியாது. பல வருட வேலையில்தான் அந்தப் பொறுமை வரும். விலையை ஏற்றிச் சொல்லிப் பார்க்கும் பழக்கம் நம் ஆட்களுக்கு உண்டு; இங்கே அதைச் செய்யாதீர்கள். உறவு கெட்டால் பிள்ளை அந்தக் குதிரையில் ஏறுவதும் நின்றுபோகும்.

படி 2: மருத்துவர் வேண்டாம் என்றால், ஏன் என்று கண்ணால் பாருங்கள்

இதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். "நல்லாத்தானே நடக்குது?" என்று தோன்றும். குதிரையின் லேசான நொண்டல் சாதாரண நடையில் தெரியாமல், பெருநடையில் (மெதுவோட்டம், ஆங்கிலத்தில் trot) தெரியும். கெட்டியான தரையில் நேராகப் பெருநடை போகச் சொல்லிவிட்டு, எதிரே நின்று தலையை மட்டும் கவனியுங்கள். முன்னங்காலில் வலி இருந்தால், அந்தக் கால் தரையில் படும்போது தலை மேலே எழும்பும். நல்ல கால் ஊன்றும்போது கீழே இறங்கும். மருத்துவர் ஒரு காலைச் சிறிது நேரம் மடக்கிப் பிடித்துவிட்டு, உடனே ஓடவிட்டும் பார்ப்பார். மறைந்திருந்த வலி அப்போது வெளியே வரும்.

இதைப் பிள்ளையையும் பக்கத்தில் நிறுத்திக் காட்டுங்கள். "டாக்டர் வேண்டாம்னுட்டார்" என்று கேட்பதற்கும், தலை எழும்புவதைத் தானே பார்ப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. அழுகை நிற்காது, ஆனால் 'என்னை ஏமாத்தறாங்க' என்ற எண்ணம் போய்விடும்.

பாவப்பட்டு வாங்கிவிடலாமா என்றால், நான் வேண்டாம் என்றே சொல்வேன். மட்டக்குதிரை 25, 30 வருடம்கூட உயிரோடு இருக்கும். நொண்டும் குதிரைக்கும் தீவனச் செலவு அதேதான். குளம்பை 6 முதல் 8 வாரத்துக்கு ஒரு முறை சீவ வேண்டும். சந்தையில் மாட்டுக்கு லாடம் அடிப்பவர் இருக்கிறாரே என்று நினைக்காதீர்கள். மாட்டுக்குப் பிளவுக் குளம்பு, குதிரைக்கு ஒற்றைக் குளம்பு. இரண்டும் வேறு வேலை.

படி 3: பிள்ளையிடம் பேசுவது

நேராகச் சொல்லுங்கள், அன்றைக்கே சொல்லுங்கள். "அடுத்த மாசம் பாக்கலாம்" என்று இழுத்தால் பிள்ளை மாதக்கணக்கில் காத்திருக்கும். "வேற குதிரை வாங்கித் தர்றேன்" என்றும் உடனே சொல்ல வேண்டாம்; அது கேட்டது ஒரு குதிரையை இல்லை, அந்தக் குதிரையை.

இன்னொரு உண்மையும் இருக்கிறது. குதிரை தன் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சுமக்கக் கூடாது என்பது பொதுக் கணக்கு. 200 கிலோ குதிரை என்றால் சேணத்தோடு சேர்த்து 40 கிலோ. பன்னிரண்டு வயதுப் பிள்ளை அதை எட்ட எவ்வளவு நாள் ஆகும்? இதை முதல் நாளே சொன்னால் இரக்கமில்லாத ஆளாகத் தெரிவீர்கள். ஒரு வாரம் போகட்டும்.

படி 4: வாங்காமலே என்ன கிடைக்கும் என்று கேளுங்கள்

குதிரை பள்ளியிலேயே இருக்கிறது என்றால் கதவு மூடிவிடவில்லை. மாதம் ஒரு தொகை கொடுத்து, வாரத்தில் குறிப்பிட்ட நாட்கள் உங்கள் பிள்ளைக்கு மட்டும் என்று ஏற்பாடு செய்ய முடியுமா என்று கேளுங்கள். தேய்த்துவிடுவது, குளம்பில் அடைந்த மண்ணைக் கிளறி எடுப்பது, கொள்ளு வைப்பது எல்லாவற்றையும் பிள்ளை செய்யட்டும். லாடமும் மருத்துவச் செலவும் யார் பொறுப்பு என்பதை மட்டும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சு போதாது. என்றாவது விற்கும் எண்ணம் வந்தால் முதலில் உங்களிடம் சொல்ல வேண்டும் என்று ஒரு வரியும் சேர்க்கலாம்.

குதிரைக்கும் இதுவே நல்லது. கூட்டமாக வாழும் பிராணி அது. தோப்பில் தனியாகக் கட்டினால் கனைத்துக்கொண்டே இருக்கும். தினமும் வேலை செய்து பழகியது சும்மா நின்று கொள்ளைத் தின்றால், பள்ளியில் பார்த்த சாது இங்கே இருக்காது.

வேறு யாராவது வாங்கிப் போய்விட்டால், வண்டி ஏறும் முன் ஒரு முறை பார்க்க அனுமதி கேளுங்கள். வாங்கியவர் சம்மதித்தால் வாலில் நாலு மயிர் வெட்டி வைத்துக்கொள்ளலாம்.

படி 5: அந்த வேகத்தில் சந்தைக்குக் கிளம்பாதீர்கள்

ஆடி மாதம் அந்தியூர் குருநாதசுவாமி கோயில் திருவிழாவில் குதிரைச் சந்தை கூடும். அழும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அங்கே போனால், முதலில் கண்ணில் படும் பளபளப்பான இளங்குதிரை வீட்டுக்கு வந்துவிடும். புதிதாகப் பழகுகிறவரும் புதிதாகப் பழகும் குதிரையும் சேர்ந்தால் கை கால் முறியும்.

பிறகு ஒரு காலம் வாங்குவதாக இருந்தால், உங்கள் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பவரைக் கூட்டிப் போங்கள். பல்லைப் பார்த்து வயதைத் தோராயமாகச் சொல்லத் தெரிந்தவர் உடன் இருக்க வேண்டும். கிளாண்டர்ஸ் நோய்க்கான ரத்தப் பரிசோதனை முடிவு இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். அது மனிதருக்கும் தொற்றும்; நோய் உறுதியானால் குதிரையைக் கருணைக்கொலை செய்துவிடுவார்கள். மாநில எல்லை தாண்டிக் கொண்டுவர மருத்துவரின் சான்றிதழும் கையில் இருக்க வேண்டும்.

அதுவரை வகுப்பை நிறுத்த வேண்டாம். பழைய குதிரை போய்விட்டது என்றால், அடுத்த வகுப்புக்கு எந்தக் குதிரை என்று முன்கூட்டியே கேட்டு, அதன் பெயரைப் பிள்ளையிடம் சொல்லிவிட்டே கூட்டிப் போங்கள்.