இலக்கு மருந்தைக் கேட்கும் முன் பிளாக்கைக் கேளுங்கள்

பயாப்ஸி லேபில் டெக்னீஷியன் வேலை எனக்கு. டாக்டர் எடுத்து அனுப்பும் சதைத்துணுக்கை மெழுகில் பதித்து (அந்த மெழுகுத் துண்டைத்தான் பிளாக் என்போம்), மெல்லிசாகச் சீவி, ஸ்லைடாக்கிக் கொடுப்பேன். கணையப் புற்றுநோய் என்று தெரிந்ததும் வீட்டார் எங்கள் ஜன்னலுக்கு வந்து, “டார்கெட்டட் மருந்து இருக்காமே, அதுக்கு என்ன செய்யணும்?” என்று கேட்கிறார்கள். அவர்களிடம் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன். எந்த மருந்து என்று முடிவு செய்ய வேண்டியவர் உங்கள் புற்றுநோய் மருத்துவர்.

இந்த மருந்துகளுக்கு உடம்பிலோ கட்டியிலோ அதற்கேற்ற மரபணு மாற்றம் இருக்க வேண்டும். எர்லோடினிப் என்ற இலக்கு மாத்திரையை, நோயாளிக்கு மரபணுச் சோதனை எதுவும் பார்க்காமலே கணையப் புற்றுநோய்க்குக் கொடுக்கலாம் என்று 2005இல் அமெரிக்காவில் அனுமதி கொடுத்தார்கள். கீமோவோடு சேர்த்துக் கொடுத்ததில் சராசரியாகக் கூடிய ஆயுள் ஏறக்குறைய இரண்டு வாரம். ஆகவே சோதனைதான் முதல் வேலை.

நோய் உறுதியானவுடனே ரத்தச் சோதனைக்குக் கேளுங்கள். பிறவியிலேயே வந்த மாற்றம் இருக்கிறதா என்று இது காட்டும். “எங்க குடும்பத்துல யாருக்கும் இல்லையே” என்று விட்டுவிடாதீர்கள். நூறு கணையப் புற்றுநோயாளிகளில் ஐந்து முதல் ஏழு பேருக்கு, டிஎன்ஏ சேதத்தைச் சரிசெய்ய உதவும் பிஆர்சிஏ மரபணுவில் பிறவிக் கோளாறு இருக்கும். இருந்தால் முதல் கீமோவிலேயே பிளாட்டினம் வகை மருந்தைச் சேர்க்க மருத்துவர் யோசிப்பார். குறைந்தது 16 வாரம் அதைக் கொடுத்த பிறகு நோய் முற்றாமல் இருந்தால், ஒலாபாரிப் மாத்திரைக்கு மாறலாம். வழக்கமான அளவு 300 மில்லிகிராம், நாளுக்கு இரண்டு வேளை. 2019இல் வெளியான போலோ ஆய்வில் இந்த மாத்திரை நோயை 7.4 மாதம் கட்டி வைத்தது. வெற்று மாத்திரை எடுத்தவர்களுக்கு 3.8 மாதம். மொத்த ஆயுள் கூடியதாக அந்த ஆய்வு காட்டவில்லை, இதையும் தெரிந்துகொண்டே தொடங்குங்கள். ஹீமோகுளோபின் இறங்கும், அதனால் ரத்த எண்ணிக்கையை மாதாமாதம் பார்க்க வேண்டும். அப்புறம், நோயாளியின் பிள்ளைகளும் உடன்பிறந்தவர்களும் இதே சோதனையைச் செய்துகொள்வது நல்லது.

அடுத்தது கட்டியின் சதை. பெரும்பாலும் எண்டோஸ்கோப்பி வழியாக ஊசி போட்டு எடுக்கிறார்கள். எங்கள் கைக்கு வருவது ஒரு மில்லிமீட்டர் தடிமன்கூட இல்லாத துணுக்கு. கணையக் கட்டியில் நார்த்திசுதான் அதிகம், புற்றுசெல்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடக்கும். சாயம் போட்டுப் பார்த்தே பாதி தீர்ந்துவிடும். ஒருமுறை சீவி வைத்த பிளாக்கைப் பிறகு மறுபடி மெஷினில் மாட்டினால், மேற்பரப்பைச் சமமாக்கவே கொஞ்சம் சதை வீணாகும். அதனால் பயாப்ஸிக்கு முன்பே மருத்துவரிடம், “மரபணுச் சோதனைக்கும் சேர்த்து எடுப்பீங்களா?” என்று கேளுங்கள். அதற்கான ஸ்லைடுகளையும் முதல் தடவையிலேயே சீவச் சொல்லி அவர் ஒரு வரி எழுதினால் போதும். சதை போதவில்லை என்றால் ரத்தத்தில் செய்யும் லிக்விட் பயாப்ஸி உண்டு. அதில் ஒன்றும் தெரியவில்லை என்பதால் மாற்றமே இல்லை என்று ஆகிவிடாது.

வேறு லேபுக்குக் கொண்டுபோவதானால், பயாப்ஸி செய்த இடத்தில் எழுதிக் கொடுத்து பிளாக்கை வாங்குங்கள். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் சிறிய பிளாஸ்டிக் சட்டம், அதில் மெழுகு, நடுவே சதை. ஓரத்தில் உள்ள எண்ணும் ரிப்போர்ட்டில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று ஜன்னலிலேயே சரிபாருங்கள். வெயிலில் நிற்கும் காரில் வைக்காதீர்கள், மெழுகு இளகிவிடும். முடிவு வர வாரக்கணக்கில் ஆகலாம். அதுவரை கீமோவைத் தள்ளிப்போடலாமா என்பதை நீங்களாக முடிவு செய்ய வேண்டாம்.

ரிப்போர்ட் வந்ததும் கேராஸ் (KRAS) என்ற மரபணுவின் வரியைப் பாருங்கள். நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு இதில் மாற்றம் இருக்கும், அந்த மாற்றத்தின் வகைகளில் ஜி12டி அதிகம், அடுத்து ஜி12வி. ஜி12சி நூற்றில் ஒன்றிரண்டு பேருக்குத்தான். அதற்கு சோட்டோராசிப், அடாக்ராசிப் என்ற மாத்திரைகள் இருக்கின்றன. மற்ற கேராஸ் வகைகளுக்காக டராக்சன்ராசிப் என்ற மாத்திரை மூன்றாம் கட்ட ஆய்வு வரை வந்திருக்கிறது. இப்போது அது எந்த நிலையில் இருக்கிறது, ஆய்வில் சேர வழியுண்டா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

கேராஸ் மாற்றம் இல்லை என்று வந்தால் ரிப்போர்ட்டை மடித்து வைத்துவிடாதீர்கள். அபூர்வமான மரபணு இணைப்புகள் (இரண்டு மரபணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வது) பெரும்பாலும் இவர்களிடம்தான் கிடைக்கின்றன. என்டிஆர்கே இணைப்புக்கு லாரோட்ரெக்டினிப், என்ஆர்ஜி1 இணைப்புக்கு 2024 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஜெனோகுடூசுமாப். டிஎன்ஏ மட்டும் பார்த்தால் இவை தப்பிவிடலாம். ஆர்என்ஏ சோதனையும் செய்தார்களா என்று கேட்க வேண்டியது இங்கேதான். எம்எஸ்ஐ (செல் தன் டிஎன்ஏ பிழைகளைத் திருத்த முடியாமல் போனதற்கான அடையாளம்) அதிகம் என்று இருந்தால் பெம்ப்ரோலிசுமாப் பற்றிப் பேசுங்கள், அது உடம்பின் நோய் எதிர்ப்பு சக்தியைத் தூண்டிவிடும் மருந்து. ‘விளைவு தெளிவாகாத மாற்றம்’ என்று எழுதியிருப்பதை நம்பி மருந்து வாங்காதீர்கள்.

ரிப்போர்ட்டில் ‘நியூரோஎண்டோகிரைன்’ என்று இருந்தால் அது வேறு வகைக் கட்டி. எவெரோலிமஸ், சுனிடினிப் எல்லாம் அதற்கானவை, மேலே சொன்ன கணக்கு அங்கே பொருந்தாது.

சோதனை முடிந்ததும் மீதி பிளாக்கைக் கேட்டு வாங்கி, எடுத்த இடத்திலேயே திருப்பிக் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு இன்னொரு சோதனை தேவைப்பட்டால் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.